இரண்டாவது ஞானஸ்நானம்

மூன்று வருடங்களுக்கு முன் செல்லாது என்று இஸ்ரவேல் தீர்ப்புச் சொன்ன ஞானஸ்நானம், மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் செல்லுபடியானது.

"கெசியா, உன் ஞானஸ்நான சர்டிபிகேட் எங்க கீது? கைக்கொழந்தையா இருந்தப்ப பழைய சர்ச்சுல குடுத்தாங்களே, அது."

கெசியா டீ தம்ளரைக் கீழே வைத்தாள். "அத நீதானப்பா கிழிச்சுப் போடச் சொன்ன? மூணு சொட்டு தெளிச்சா அது ஞானஸ்நானமா, முடிவெட்டுற கடையிலகூட அதவிட ஜாஸ்தி தெளிப்பான்னு."

"அது அப்போ."

அம்மா பைபிள் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். கணவர் எதையெல்லாம் கிழிக்கச் சொல்கிறாரோ அதையெல்லாம் பத்திரப்படுத்துவது அவளுடைய பழக்கம்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருக்கும் இஸ்ரவேல், பழைய சபையின் கமிட்டித் தேர்தலில் எபிநேசர் என்பவரிடம் பதினோரு ஓட்டில் தோற்றார். அடுத்த ஞாயிறே அவருக்கு வேதத்தில் புது வெளிச்சம் கிடைத்தது. தி. நகரில் ஜவுளிக்கடை மாடியில் நடந்த புதிய சபைக்குக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனார். குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது மனுஷர் செய்த ஏற்பாடு, முழுகுவதுதான் தேவன் சொன்னது என்றார். பெசன்ட் நகர் கடலில், குப்பத்துப் படகுகளுக்குப் பக்கத்தில், மூன்று பேரையும் பாஸ்டர் முக்கி எடுத்தார். இஸ்ரவேல் எழுந்ததும் முதலில் கேட்டது, போட்டோ எடுத்தாயிற்றா என்று. பதினான்கு வயதுக் கெசியா மட்டும் அந்த உப்புத் தண்ணீருக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதாரச் சொன்னாள்.

இப்போது அவளுக்கு விலங்கியல் படிக்க வேண்டும். மீன் மார்க்கெட் வழியாகவே பள்ளிக்கூடம் போய் வந்தவள் அவள். செவுளைப் பார்த்தே மீனின் பெயர் சொல்வாள். நகரத்துப் பழைய மிஷன் கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்தது. அப்பாவோ பாஸ்டரின் மச்சான் நடத்தும் சீயோன் வெளிச்சம் கல்லூரியைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டர். கம்மல் கூடாது, பூ கூடாது, விலங்கியலும் கூடாது. குரங்கைப் பற்றிப் பாடம் வருமாம்.

"நம்ம விசுவாசத்துக்கு ஏத்த காலேஜ்" என்று இரண்டு வாரம் அந்தக் கல்லூரியின் புகழ் பாடினார். பிறகு, எபிநேசரின் மகளுக்கு மிஷன் கல்லூரியில் சபை ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றே விசுவாசம் திசை திரும்பியது.

பொதுப் பட்டியலில் கெசியா காத்திருப்போர் வரிசையில் ஆறாவது. ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம். அதற்குப் பழைய சபை ஆயரின் கடிதம் அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆயர் மனோவா நாற்காலியைக் காட்டினார். "வாங்க இஸ்ரவேல். கடலுக்குப் போனவங்க கரைக்கு வந்துட்டீங்களா?"

"ஏதோ ஒரு தடுமாற்றம் ஐயா."

"வர்ற ஞாயிறு ஆராதனையில நாலு வார்த்தை சாட்சி சொல்லுங்க. எங்க போயும் சமாதானம் கிடைக்கலன்னு."

"எபிநேசர் முன்னாடியா?"

"அவர் முன்வரிசையிலதான் உக்காருவார்."

இஸ்ரவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லிட்றேன் ஐயா. கமிட்டியில ஒரு எடம் காலியா கீதுன்னு கேள்விப்பட்டேன்..."

"மொதல்ல சாட்சி" என்றார் ஆயர்.

பேரம் முடிந்ததும் படிவம் கெசியாவிடம் வந்தது. மாணவியே தன் கையால் நிரப்ப வேண்டும். கீழே ஆயரின் கையெழுத்து. 'ஞானஸ்நானம் பெற்ற இடமும் தேதியும்' என்று ஒரு வரி. சபையின் பெயரையும் 2008-ஆம் வருடத்துத் தேதியையும் எழுதினாள். பேனா நின்றது. பிறகு அதற்குக் கீழேயே, நெருக்கி, பெசன்ட் நகர் கடற்கரை என்றும் மூன்று வருடத்துக்கு முந்திய தேதியையும் எழுதினாள்.

ஆயர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? ஒரு வரிதானே விட்டிருக்கு?"

"ரெண்டும் நடந்துச்சே ஐயா."

"ஒண்ண அடிச்சிடு" என்றார் அப்பா.

"எத?"

"ரெண்டாவத" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மூன்று வருடத்தில் அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்ட முதல் சத்தியம் அதுதான்.

"அன்னிக்கு நான் மனசாரத்தான் முழுகினேன் ஐயா. அடிக்க முடியாது."

"எங்க சபை ஞானஸ்நானம் போதாதுன்னு முழுகினவளுக்கு, எங்க சபைப் பிள்ளைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" ஆயர் பேனாவை மூடினார். அது மனசாட்சியாகவும் இருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் அதே மனசாட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்குச் சம்மதித்திருந்தது.

"பைத்தியமாடி உனக்கு? ஒரு கோடு! ஒரு கோடு போட முடியல உன்னால!" தெருவெல்லாம் கேட்கக் கத்தினார் இஸ்ரவேல். கல்லூரி வாசல் வரை ஸ்கூட்டரில் கத்திக்கொண்டே வந்தார்.

காத்திருப்போர் வரிசையில் கெசியாவுக்கு முன்னால் மயிலாப்பூர் கோமளம் மாமியும் அவள் மகள் ஹம்சினியும் நின்றார்கள். மாமி திரும்பி, கெசியாவின் ஃபைலில் இருந்த பெயரைப் படித்தாள்.

"எங்காத்துல எல்லாரும் இங்கதான் படிச்சா. கிறிஸ்டியன் காலேஜ்னா ஒரு டிசிப்ளின், ஒரு வேல்யூஸ் இருக்கும், இல்லையா? ஆமா, நீ கிறிஸ்டியன்தானே? உங்களுக்குத்தான் தனி லிஸ்ட் இருக்கே, இங்க எதுக்குடிம்மா நின்னுண்டிருக்கே?"

"நான் கிறிஸ்டியன்னு லெட்டர் கிடைக்கல மாமி."

"அடப்பாவமே" என்றாள் மாமி. "எங்களையே ஒண்ணும் கேக்கலையே!"

அன்று ஐந்து பேரைத்தான் கூப்பிட்டார்கள். ஐந்தாவது ஹம்சினி. மற்றவர்கள் திங்கட்கிழமை வர வேண்டும் என்றார் குமாஸ்தா. கெசியா தேதியைக் கையில் குறித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வேப்பமர நிழலில் ஸ்கூட்டர் மேல் சாய்ந்தபடி அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சேச்சே, பழைய சர்ச்சு வாசலக்கூட மிதிக்கல பாஸ்டர். நம்ம விசுவாசத்துக்கு ஏத்தது சீயோன்தான்னு அப்போலேர்ந்து சொல்லிக்கினு கீறேன்..."

"அப்பா," என்றாள் கெசியா, அவர் போனை மறைக்கக்கூட நேரம் தராமல். "திங்கக்கிழம திரும்ப இந்த மிஷன் காலேஜுக்கு வரணும்."