வைரவனின் சைவ இரத்தம்

கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்த ஸ்ரீஸ்கந்தராசா, காணிக் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். அவருடைய நாய்க்கு வைரவன் என்று பெயர். கன்றுக்குட்டி போல வளர்ந்திருந்தது. முட்டைகூட அவிக்காத தன் வீட்டில் நாயும் பருப்புச் சோற்றிலேயே வளர்வதாக அவர் காண்பவரிடமெல்லாம் பெருமையடிப்பார். வெள்ளிக்கிழமைகளில் அதற்குத் திருநீறு பூசுவார். அது தலையை உதறி அவர் வேட்டியிலேயே கொட்டிவிடும்.

ஒருநாள் காலை, சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வீரய்யா கேற்றடிக்கு வந்தார். அவருடைய நாய் ராணிக்கு உண்ணிக் காய்ச்சல். உடனே வேறொரு நாயின் இரத்தம் ஏற்றாவிட்டால் தப்பாது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டாராம். தடுப்பூசி போட்ட பெரிய நாய் அந்தத் தெருவில் வைரவன் மட்டுந்தான்.

ஸ்ரீஸ்கந்தராசா தயங்கினார். சைவ இரத்தம் போயும் போயும் எலும்பு கடிக்கிற நாயின் உடம்பிலா ஓடுவது?

"இரத்தத்தில என்ன சைவம்? கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் மனைவி கமலாசனி.

மிருக வைத்தியசாலையில் சோதித்தபோது இரண்டு இரத்தமும் பொருந்தின. மேசையில் படுத்த வைரவனின் கழுத்து மயிரை மழித்து வைத்தியர் ஊசியைச் செருகினார். நாய் அசையவில்லை. ஸ்ரீஸ்கந்தராசாதான் கண்ணை இறுக்கி மூடி, உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல இரத்தம். என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" என்று வைத்தியர் கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் கண்ணைத் திறந்தார். சைவ உணவின் மகிமையை விரித்து, பருப்பில் தொடங்கி முருங்கையிலைக்கு வந்தபோது வீரய்யா தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. குட்டியிலேருந்தே தெனம் நம்ம கடைக்குப் பின்னால வந்துரும். ஈரல் போடுவோம்."

ஸ்ரீஸ்கந்தராசா மேசையில் கிடந்த வைரவனைக் குனிந்து பார்த்தார்.

"ஆட்டீரல்தான் ஐயா," என்று வீரய்யா அவசரமாகச் சமாதானம் சொன்னார். "மாடு குடுக்கிறதில்ல. ஐயா வீட்டு நாயின்னு தெரியும்ல."

வைத்தியர் சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து மேசையில் இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்க, மதியத்துக்குள் ராணி தலையைத் தூக்கி வாலை ஆட்டியது. வீரய்யா அழுதுவிட்டார். அதைப் பார்த்த ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு, ஏசுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்களெல்லாம் மறந்துபோயின.

இரத்தம் கொடுத்த நாய்க்குச் சில நாளைக்கு ஈரல் நல்லது என்று வைத்தியர் சொல்லியனுப்பினார். ஈரல் என்ற பேச்சை வீட்டில் எப்படி எடுப்பது என்று வழிநெடுக யோசித்த ஸ்ரீஸ்கந்தராசா, மறுநாள் காலை பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "இஞ்சாரும், அந்தக் கேற்றைக் கொஞ்சம் திறந்துவிடும்," என்று மட்டும் சொன்னார்.

"அவன் அப்பவே கடைக்குப் போயிட்டான். நான்தானே ஒவ்வொரு நாளும் திறந்துவிடுறனான்," என்றார் கமலாசனி.