தம்பி அவிழ்க்காத சேணம்

அண்ணன் குதிரைக்குச் சேணம் போடுவான், தம்பி சவாரி சொல்லிக்கொடுப்பான். இருவருக்கும் பொதுவான அந்த லாயம் இத்தனை காலம் ஓடியது அப்படித்தான். போன மாதம் ஒரு குதிரைக்கு முதுகில் புண் வந்தது. "சேணத்துக்கு அடியில போடுற துணிய மடிப்போட போட்டா புண்ணு வராம பூவா பூக்கும்?" என்று தம்பி, சவாரி பழக வந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சோடு நின்றிருந்தால் தேவலை. அண்ணன் சேணம் போட்டு நிறுத்தும் குதிரையைத் தம்பி ஒவ்வொரு முறையும் வெளியே கூட்டிவந்து, எல்லாவற்றையும் அவிழ்த்து, முதலிலிருந்து போட்டான். துணியை நீவி, சேணத்தை வைத்து, அதை நகராமல் பிடிக்கும் வயிற்றுவாரை இழுத்து, நாலடி நடத்தி, மறுபடி இழுப்பான். வாயைத் திறக்கமாட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அண்ணன் பொறுத்திருப்பான்.

அவிழ்ப்பதற்காகவே ஒரு மனுஷன் எத்தனை நாள்தான் கட்டுவான்? அண்ணனுக்கும் மனசு விட்டுப்போயிற்று. தம்பி பெரிய துரையாச்சே, எப்படியும் அவிழ்க்கத்தானே போகிறார், அவரே இழுத்துக்கொள்ளட்டும் என்று, வாரைப் பேருக்கு மாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தான்.

குதிரைப் போட்டி நடந்த நாளிலும் அதையேதான் செய்தான். ஏறப்போவது தம்பியின் மகள். சின்ன வயதில் அப்பனைவிடப் பெரியப்பாவிடம் ஒட்டிக்கொண்டு திரிந்தவள். குதிரையோ பொல்லாதது. வாரை இழுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும், நடக்கவிட்டால் வார் தொளதொளத்துவிடும். இதெல்லாம் தெரிந்தும் அண்ணன் இரண்டாம் முறை இழுக்கவில்லை. அவிழ்க்க வருகிறவனை மனசுக்குள் வைவதற்காக வேலியோரம் போய் நின்றுகொண்டான்.

தம்பி வந்தான். வார்க் கொக்கியில் கை வைத்தான். மகள் பக்கத்தில் வந்து அவன் காதில் என்னவோ சொன்னாள். அவன் கையை எடுத்துவிட்டான். திரும்பி அண்ணனைப் பார்த்து, சண்டைக்குப் பிறகு முதல் தடவையாகத் தலையசைத்தான். மகளை ஏற்றிவிட்டான்.

அண்ணனுக்கு வெட்கமில்லாமல் நெஞ்சு குளிர்ந்தது. அதற்கப்புறம்தான் வார் ஞாபகம் வந்தது. கத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் நடுவில், வாரை நான் சரியாக இழுக்கவில்லை என்று எந்த வாயால் கத்துவது? மென்று விழுங்கினான். அதற்குள் குதிரை முதல் வளைவுக்குப் போய்விட்டது. சேணம் அவளோடு சேர்ந்து பக்கவாட்டில் சரிந்தது.

இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, நடக்கலாம், இனிக் குதிரையேறக் கூடாது என்றார் டாக்டர். அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அழாதீங்க பெரியப்பா," என்றாள் அவள். "நான்தான் அப்பாகிட்ட சொன்னேன், இன்னிக்காவது பெரியப்பா போட்டத அவுக்காதீங்கன்னு. பாவம், எத்தன நாளா உங்க மூஞ்சியே சரியில்ல."

தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "அவ சொன்னா எனக்கு எங்க போச்சுண்ணே புத்தி? ஒரு இழுப்பு இழுத்துப் பாத்திருக்கணும். என் தப்புதான்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அண்ணன் வாயைத் திறந்தான். மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டா," என்றான். "நீ பாத்திருக்கணும்."