பச்சைத் துண்டும் அடுத்த வேளையும்

1

இந்தக் கதை ஒரு ஜன்னல் திரையால் வந்த வினை. மடித்துத் தைக்கக் கொடுத்திருந்த திரையை வாங்கப் போனபோது கடை முன்னால் ஆளில்லை. உள்ளறையில் தையல்காரம்மா தரையில் உட்கார்ந்து, மீசை நரைக்கத் தொடங்கிய மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பழைய பச்சைத் துண்டு.

"கொஞ்சம் இருங்க. பாதியில எழுந்தா இவன் அப்புறம் வாயைத் திறக்க மாட்டான்."

நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'அந்தத் தெய்வத்தாயின் கண்களில்...'

சீ, வேண்டாம். தெய்வத்துக்கு முதுகு வலிக்காது. இந்த அம்மாவுக்கு வலித்தது. வெறும் வலி என்று நினைத்துப் போனால் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தனக்குப் பிறகு மகனுக்கு யார்? அவனுக்குப் பேச்சு கிடையாது. தானாகச் சாப்பிடத் தெரியாது. பல் வலித்தால் அதைக்கூடக் காட்டத் தெரியாது. தன் தம்பியிடம் கேட்டார்.

"ரெண்டு நாள் மூணு நாள்னா பார்த்துக்கலாம் அக்கா. காலம் பூரா எப்படிக்கா?"

(இந்தத் தம்பியை வில்லனாக்கப் பார்த்தேன். ஆகவில்லை. அவன் இடத்தில் நானும் இதையேதான் சொல்வேன், நீங்களும்தான்.)

3

அலைந்து திரிந்து ஓர் இல்லம் கிடைத்தது. ஆயுசுக்கும் வைத்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, அவன் அடுத்தவர் கையால் சாப்பிட வேண்டும். சில நாள் அம்மாவோடு தங்கிப் பழகட்டும் என்றார்கள்.

அவன் பழகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பசியில் சுவரில் தலையை முட்டினான். ஒரு வேளைச் சாப்பாட்டின்போது, சிந்தியதைத் துடைக்க எடுத்த அம்மாவின் பச்சைத் துண்டை ஓர் ஊழியர் யதேச்சையாகத் தன் தோளில் போட்டார். அவன் 'ஆ' என்று வாயைத் திறந்தான்.

"அம்மா, பாருங்கம்மா, சாப்பிடுறான்!"

தையல்காரம்மா சிரித்தார். கும்பிட்டார். அப்புறம் மெல்லக் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா அவன் என்னைப் பார்த்து வாயைத் திறக்கலையா?"

(இங்கே ஓர் ஆறுதல் வாக்கியம் எழுதியிருந்தேன். பொய் நாறியது. எடுத்துவிட்டேன்.)

4

இல்லத்தில் ஊழியர்கள் பலர், முறை வைத்து ஊட்டுவார்கள். துண்டோ ஒன்று, அதுவும் நைந்தது. தையல்காரர் புத்தி சும்மா இருக்குமா?

"நான் போன பிறகு இது கிழிஞ்சா யாரு தைப்பாங்க?" என்று துண்டைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வோர் ஊழியரின் மேலங்கித் தோளிலும் இரட்டைத் தையலாக வைத்துத் தைத்தார். காலத்துக்கும் பிரியாத தையல்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு அவன் அந்தப் பட்டையைப் பார்த்தான். வாயை இறுக்கிக்கொண்டான். வேறு ஊழியர் வந்தார், அதே கதை. அம்மா அத்தனையையும் பிரித்து ஒட்டுப்போட்டு மறுபடி துண்டாக்கினார். அவனுக்கு அது ஏதோ ஒரு துணி.

"நானே வெட்டிட்டேனே, பாவி! என் கையாலேயே வெட்டிட்டேனே!"

கடைசியில் ஒட்டுத்துண்டு வேண்டாம் என்று வெறும் தோளோடு தானே அவன் முன்னால் உட்கார்ந்து, ஒரு கவளம் எடுத்து நீட்டினார்.

5

முடிவு ஒன்று: வாயைத் திறக்கிறான். அம்மாவைத்தான் அவன் அறிந்திருந்தான். அந்தப் பெற்ற வயிறு குளிரும். ஆனால் அவர் கையால் மட்டுமே சாப்பிடுகிறவனை இல்லத்தில் எப்படி வைத்துக்கொள்வார்கள்?

முடிவு இரண்டு: அவன் திறக்கவி...

என்னால் ஆகாது.

முடிவு மூன்று: ஊழியர் கையால் சாப்பிட்டுவிடுகிறான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். சுபம்.

இந்த மூன்றாவதை வைத்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. ஆனால் எந்த முடிவை எழுதினாலும் அவன் ஒரு வேளைதான் சாப்பிடுகிறான். கதை முடிந்த பிறகும் அவனுக்குப் பசிக்குமே!

அம்மா இன்னும் கையை நீட்டியபடியே இருக்கிறார். கவளம் காயத் தொடங்கிவிட்டது. நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது ராத்திரிச் சாப்பாட்டையும் மறந்துவிடாதீர்கள்.