சுவர் வழியாகப் பேசியவர்கள்

"அம்மா, அத்தை ஏன் உன்கிட்ட பேசாம சுவத்துக்கிட்ட பேசுறாங்க?" என்று ஏழு வயது மகள் ஒருநாள் கேட்டாள்.

"சுவரு திருப்பிப் பேசாதுல்ல, அதான் அத்தைக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அம்மா, அடுத்த மேஜைக்கும் கேட்கிற குரலில்.

அடுத்த மேஜையிலிருந்த அத்தை சுவரைப் பார்த்தாள். "சுவரு எதையும் அழிச்சு வைக்காது. அதுவே பெரிய உபகாரம்."

ஒருவனுடைய மனைவியும் தங்கையும் அவர்கள். அவன் இறந்த பிறகு, அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர் கடையைச் சேர்ந்து நடத்தினார்கள். அவன் போன இரண்டாம் மாதம், வாடிக்கையாளருடையது என்று நினைத்து ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்ததையெல்லாம் அண்ணி அழித்துவிட்டாள். அதில் அவனுடைய படங்களும் குரலும் இருந்தன. "என் அண்ணனை ரெண்டாவது தடவை சாகடிச்சுட்டீங்க" என்றாள் நாத்தனார். துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனாலும் வார்த்தை. அன்றிலிருந்து சுவர்தான் இருவருக்கும் நடுவில் ஆள்.

ஒரு சிறிய மருத்துவமனை தன் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் ஓ.எஸ். என்கிற இயக்க மென்பொருளைப் புதிதாகப் போடச் சொன்னது. அவர்களிடம் இருந்த சிடியோ பழையது. அதை அப்படியே போட்டு நெட்டில் இணைத்தால் நாலாவது நிமிஷம் வைரஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். போட்டபின் ஒவ்வொன்றுக்கும் அப்டேட் இறக்குவதென்றால் அங்கிருந்த இணைய வேகத்துக்கு ஒரு வாரம் ஆகும். அதனால் சிடியில் இருப்பதையெல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் எடுத்து, அதுவரை வந்த அப்டேட்டுகளை வரிசை தவறாமல் உள்ளே சேர்த்து, புது சிடியாக எழுதிவிடுவது நாத்தனார் வழக்கம். போடும்போதே எல்லாம் உள்ளே இருக்கும். சிடி எழுதுவது அவள். நேரில் போய்ப் போடுவது அண்ணி.

"போன தடவை வந்தவங்க பாதியில விட்டுட்டுப் போனாங்க. உங்களை எப்படி நம்புறது?" என்று கேட்டார் கடைக்கு வந்த மருத்துவமனை மேலாளர்.

"என் சிடி ஒரு மெஷின்ல ஓடாம நின்னாக்கூட, கடைச் சாவியை இவங்க கையில குடுத்துட்டு நான் போயிடுறேன்" என்றாள் நாத்தனார், அண்ணி பக்கம் கையைக் காட்டி. ரோஷக்காரி. சொன்னால் செய்வாள். போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அண்ணனின் கடையைத் தவிர அவளுக்கென்று எதுவும் இல்லை.

"ஆமாம், உங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட நான் பேசணும்?" என்றார் மேலாளர். இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

மெஷின்களைப் பார்த்துவர அண்ணி போனாள். திரும்பி வந்ததும், "அங்க என்னென்ன இருக்குன்னு சுவரு கேக்குது" என்றாள் நாத்தனார்.

"பதினொண்ணு இருக்குன்னு சுவத்துக்கிட்ட சொல்லு."

அவற்றில் மூன்று போன மாதம் வாங்கிய புது மாடல். அதை அண்ணி சொல்லவில்லை. சுவர் அதைக் கேட்கவில்லையே என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களில்தான் பாவம் மிகச் சௌகரியமாகக் குடியிருக்கிறது.

நாத்தனார் கடையின் பழைய மெஷினில் சிடியைச் சோதித்தாள். சுத்தமாக ஓடியது. உறையில் தேதி எழுதி மேஜையில் வைத்தாள். "கைநடுங்காமப் போடச் சொல்லு" என்றாள் சுவரிடம்.

மருத்துவமனையில் எட்டு மெஷின்கள் வழுக்கிக்கொண்டு போயின. ஒன்பதாவதில் நீலத்திரை வந்து, ஹார்டு டிஸ்கே இல்லை என்றது. டிஸ்க் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. புது மாடலின் டிஸ்கை அறியும் டிரைவர் சிடியில் இல்லை, அவ்வளவுதான். பத்தாவதும் அப்படியே. பதினொன்றாவதும்.

அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். உள்ளே ஏதோ இனித்தது. மேலாளரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி கைக்கு வந்துவிடும். 'போய்ச் சுவத்துக்கிட்டயே குடித்தனம் நடத்துடி' என்று சொல்லவேண்டிய வசனம்கூடத் தயாராக இருந்தது. ஆனால் அந்த வசனம் பாதியில் தடுக்கியது. மூன்று புது மாடல் என்று தெரிந்திருந்தவள் ஒருத்தி. சாவியைக் கொடுக்கப்போகிறவள் இன்னொருத்தி.

நாத்தனார் சிடியில் எதை எப்படிச் சேர்த்திருக்கிறாள் என்றாவது பார்ப்போம் என்று கடைக்குக் கிளம்பினாள். மூன்று மணி. நாத்தனார் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். அவளுடைய மெஷினில், சிடி எழுதும் ஃபோல்டருக்குள், 'செய்முறை' என்று ஒரு கோப்பு இருந்தது. முதலில் இது, அடுத்து அது, டிரைவர் சேர்ப்பதானால் இந்தப் பட்டியலில் இந்த வரி என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. அதற்குக் கீழே வேறு சில வரிகள்.

"பல் டாக்டர் மெஷின்: பிரிண்டர் விட்டுப்போயிருக்கு. போய்ப் போட்டாச்சு. அண்ணிக்குத் தெரிய வேண்டாம்."

"தையல்காரர் மெஷின்: பழைய சிடியைப் போட்டிருக்காங்க, வைரஸ். திரும்பப் போட்டாச்சு. அண்ணிக்குச் சொல்ல வேண்டாமுன்னு அவர்கிட்டயும் சொல்லியாச்சு."

"டியூஷன் சென்டர்: நாலு மெஷின். ஞாயித்துக்கிழமை முடிச்சாச்சு. அண்ணி செஞ்சதாவே இருக்கட்டும்."

ஒன்றரை வருஷத்தில் அண்ணி கோட்டைவிட்ட ஒன்பது இடங்கள். நேரில் 'இவங்க', 'அவங்க' என்று சொன்னவள் இங்கே ஒவ்வொரு வரியிலும் அண்ணி என்று எழுதியிருந்தாள்.

"திமிர் பிடிச்சவ" என்றாள் அண்ணி, யாருமில்லாத கடையில். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புது மாடலின் டிரைவரை அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, ஃபோல்டரில் சேர்த்து, பட்டியலில் வரியை எழுதினாள். ஒரு எழுத்து பிசகினால் எல்லாம் வீண். மூன்று முறை சரிபார்த்தாள். சிடி எழுதி முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

ஒன்பதாவது மெஷின் டிஸ்கைக் கண்டுகொண்டது. அப்புறம் மற்ற இரண்டும்.

ஐந்தரை மணிக்கு மேலாளர் எட்டிப்பார்த்தார். "எங்கயும் நிக்கலையே? உங்களுக்கு ஏமாத்தமா இருக்குமே!"

"அவ எழுதின சிடி. எப்படி நிக்கும்?" என்றாள் அண்ணி வெடுக்கென்று.

அவர் சிரித்துக்கொண்டே போனார். அண்ணி கதவைச் சாத்தினாள். நாத்தனாரின் கையெழுத்திருந்த உறையிலிருந்து அவள் எழுதிய சிடியை வெளியே எடுத்து, அந்த இடத்தில் தான் எழுதியதைச் செருகினாள். நின்றுபோன அந்தச் சிடியைக் கைக்குட்டையில் சுற்றி, சத்தம் வெளியே போகாதபடி முழங்காலில் வைத்து உடைத்தாள். துண்டுகளைக் குப்பைக்கூடையின் அடியில், காகிதங்களுக்குக் கீழே தள்ளினாள்.