இரண்டாகப் பிரித்த லெப்டொப்

தேயிலைத் தோட்டத்தில் "பார்ப்போம்" என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒழுகுகிற கூரைக்குத் தகரம் கேட்டால் தோட்டத்தை நடத்தும் துரை பார்ப்போம் என்பார். பாதை போட்டுத் தரச் சொன்னால் தேர்தலுக்கு வந்தவரும் பார்ப்போம் என்பார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராதவர்கள் சொல்லும் முடியாது அது. லெப்டொப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் லினக்ஸ் போட்டுக்கொள்ளட்டுமா என்று லோஜினி கேட்டபோது, அவள் புருஷன் நிரஞ்சனும் அதையேதான் சொன்னான்.

அவள் ஆசைக்குக் கேட்கவில்லை. ஒரு வருஷமாக இணையத்தில் கணினிப் பாடம் படித்தவள். அன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசிப் பரீட்சை. விண்டோஸில் எழுத முடியாது, லினக்ஸ் என்ற இயங்குதளத்தை முறைப்படி போட்ட கணினியில்தான் எழுத வேண்டும். பாஸானவர்களைக் கொழும்பில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். தவறினால் மறு வாய்ப்பு கிடையாது. இதுவரை பழகியதெல்லாம் சிநேகிதி ஷாமிலாவின் கணினியில். அவளோ போன மாதம் கல்யாணமாகி, கணினியையும் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போய்விட்டாள்.

வீட்டிலிருந்தது ஒரே லெப்டொப். நிரஞ்சனின் பிழைப்பே அதில்தான். ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம், சடங்கு எது நடந்தாலும் வீடியோ எடுப்பவன் அவன். எடுத்ததை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்ப்பதெல்லாம் அதிலிருந்த விண்டோஸில் நடந்தது.

அன்று விடியும்போதே அவன் கெமராப் பையோடு நானுஓயாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். லோஜினி கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள். பிரிப்பது அவளுக்குப் புதிய சங்கதி இல்லை. அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவே, வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையே, பிரித்ததுதான். மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் மாமனார் நடுவில் பலகை அடித்து, இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு என்று ஆக்கிக் கொடுத்தார். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸ் இருந்த இடத்தைக் கொஞ்சம் ஒடுக்கி, வெறுமையான இடத்தில் லினக்ஸைக் குடிவைக்க வேண்டும். அவன் சாமான் எதையும் தொட வேண்டியதில்லை.

யூடியூப்பில் ஒருவன் வழி சொல்லிக்கொடுத்தான். டேட்டா தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் அவன் பேச்சை முன்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். இடத்தை ஒடுக்கினாள். பென் டிரைவைச் செருகினாள். தொடக்கத்தில் வரும் ஒரு பாதுகாப்பு அமைப்பை அணைக்கச் சொன்னான், அணைத்தாள். பகல் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் லினக்ஸ் ஏறிவிட்டது. பரீட்சைப் பக்கம் கூடத் திறந்தது.

எதற்கும் விண்டோஸ் பக்கத்தையும் பார்த்துவிடுவோமே என்று லெப்டொப்பை அணைத்து மறுபடி போட்டாள். நீலத் திரை வந்தது. மீட்புத் திறவுகோலைக் கொடு என்றது.

அந்த டிஸ்க் முழுவதும் பூட்டுப் போட்டது என்பதும், தொடக்க அமைப்பில் கைவைத்தால் அது ஆளை நம்பாமல் திறவுகோல் கேட்கும் என்பதும் போனில் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யூடியூப்காரன் அதை முதலிலேயே சொல்லியிருந்தான். அவள் ஓட்டிவிட்ட இடத்தில்தான் சொல்லியிருந்தான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்று சும்மாவா சொன்னார்கள்.

பூட்டுக்குள் இருந்தது போன வாரம் நல்லதண்ணி என்ற ஊரில் நடந்த கல்யாணத்தின் வீடியோ. நிரஞ்சனிடம் கெமராவுக்கு இருப்பது ஒரே கார்ட். நல்லதண்ணியில் எடுத்ததை லெப்டொப்பில் இறக்கிவிட்டு, இன்றைக்கு வேண்டும் என்று கார்டை அழித்துக்கொண்டு போயிருந்தான். மாப்பிள்ளை கட்டாருக்குப் பறந்தாயிற்று. கூப்பிட்டு இன்னொரு தரம் தாலி கட்டு என்றா சொல்ல முடியும்? ஒரு கல்யாணத்தைத் தொலைத்தவனை அப்புறம் எந்தத் தோட்டத்தில் கூப்பிடுவார்கள்?

லெப்டொப்பை முதன்முதலில் திறந்தபோது உண்டாக்கிய கணக்கில் அந்தத் திறவுகோல் இருக்கும் என்று போன் சொன்னது. நிரஞ்சனின் ஈமெயிலைப் போட்டாள். அப்படியொரு கணக்கே இல்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டாள். இல்லை, இல்லை என்றே வந்தது.

அப்போதுதான் லெப்டொப் வாங்கிய ஹட்டன் கடை நினைவுக்கு வந்தது. கணக்கு உண்டாக்கியது நிரஞ்சன் அல்ல, கடைக்காரப் பையன். அவன் நிரஞ்சனிடம் பெயரைக் கேட்கவில்லை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து அதிலிருந்தபடி அடித்தான். அட்டையிலிருந்த பெயர் நிரஞ்சனி. பிள்ளை பிறந்ததைப் பதிந்தபோது, தமிழ் தெரியாத யாரோ காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதி வைத்த கோலம் அது. தோட்டத்தில் இப்படி வீட்டுக்கொருவர் உண்டு. முத்தையா முத்தாயி ஆனதும் உண்டு. கல்யாணப் பதிவின்போது அந்தப் பெயரை உரக்க வாசித்ததும் சபையே சிரித்தது. அன்றிலிருந்து அவன் அந்த அட்டையை யார் கண்ணிலும் காட்டுவதில்லை, அவளும் அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை.

நிரஞ்சனி என்று அடித்தாள். கணக்கு வந்தது. உள்ளே போக ஓர் இரகசிய இலக்கம் வேண்டும், அதை அனுப்பட்டுமா என்று கேட்டது. அனுப்புவது நிரஞ்சனின் போனுக்கு.

லோஜினி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது இதுதான். லினக்ஸ் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. பேசாமல் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு அப்புறம் சொல்லலாம். இப்போதே சொன்னால், ஒன்றையும் தொடாதே, அப்படியே ஹட்டன் கடைக்குக் கொண்டுபோ என்பான். ஒரு வருஷப் படிப்பு அத்தோடு போகும். ஆனால் உள்ளே அந்தக் கல்யாணம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மூன்று மணிக்கு அவளால் ஒரு வரிகூட எழுத முடியாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. புருஷனுக்குப் பயந்ததைவிட, அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்றே அதிகம் பயந்தாள்.

நிரஞ்சனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மூன்றாம் தரம் மேளச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

"ஏங்க, நான் லெப்டொப்ப பிரிச்சிட்டேன். இப்ப விண்டோஸ் தொறக்க மாட்டேங்குது. நல்லதண்ணிக் கல்யாணம் உள்ளுக்கு இருக்கு."

பிறகு அவன் எங்கோ ஒதுங்கி வந்தான் போலிருக்கிறது, சத்தம் குறைந்தது. கார்ட் அழித்தது தெரியும்தானே என்று தணிந்த குரலில் கேட்டான். தெரியும் என்றாள். போனுக்கு ஓர் இலக்கம் வரும், அதைச் சொன்னால் திறக்கலாம், கணக்கு அட்டையிலிருக்கிற பேரில் இருக்கிறது என்றாள். பேரைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"நான் இழுத்தடிச்சது லெப்டொப்புக்காக இல்ல," என்றான். "பாஸாகிட்டா நீ கொழும்புக்குப் போயிருவ."

"போறதா இருந்தா ஒங்ககிட்ட சொல்லாமலா போவேன்?"

"இத சொல்லிட்டா செஞ்ச?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு, வந்திருக்கிறது என்று சொல்லி, இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தான்.

போன் திரையில் திறவுகோல் வந்தது, சரம் சரமாக எண்கள். ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்து லெப்டொப்பில் அடித்தாள். அவன் லைனிலேயே நின்றான். யாரோ அவனைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். வாறேன் என்று சொல்லிவிட்டு நின்றான். நீலத் திரை போய் இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் அவளுக்கு இருக்கிற சாமி பேரெல்லாம் வந்து போயிற்று. விண்டோஸ் திறந்தது. நல்லதண்ணி என்று பேர் போட்ட இடத்தைத் திறந்து, நடுவில் ஒன்றை ஓடவிட்டாள். மணப்பெண் குனிந்த தலையோடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்குங்க. எல்லாம் இருக்கு."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவன் அழுகிறானோ என்று கூட அவளுக்குத் தோன்றியது. மணி மூன்றாகப் போகிறது. கேட்டுவிட்டுச் செய்தால் ஒரு வார்த்தையில் எல்லாம் முடங்கும். கேட்காமல் செய்தால் இப்படி. மூன்றாவது வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தாள்.

"இப்ப கேக்கல, சொல்றேங்க. நான் லினக்ஸ் பக்கம் போய் பரீட்ச எழுதப் போறேன். பாஸானா கொழும்புக்குப் போவேன்."

மேளம் மறுபடி கெட்டியாகக் கேட்டது. போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"வயர சொருகிக்க," என்றான் நிரஞ்சன். "பேட்டரி முன்னப்போல நிக்கிறதில்ல."