நகர்ந்துபோன அமாவாசை

சொர்ணலட்சுமிக்கு அந்த நாற்காலி சும்மா கிடைத்ததில்லை. ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் ஆறு வருஷம் மருந்து அடைத்து, நகக்கண்ணெல்லாம் வெள்ளிப்பொடி ஏறி, கூடவே இருமலும் ஏறிய பிறகுதான், சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் அச்சகத்துக்கு வந்தாள். காலண்டர் புரூஃப் பார்க்கிற வேலை. தலைக்கு மேலே ஃபேன், காலை நீட்டிக்கொள்ள இடம். வந்து உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ராகுகாலமோ முகூர்த்தமோ அமாவாசையோ, அவள் பார்த்து அனுப்பியதில் பிழை என்று யாரும் வாய் திறந்ததில்லை.

இந்த ஆனி மாதம் அண்ணாச்சியின் மகள் ஹர்ஷினி கோயம்புத்தூரில் படிப்பை முடித்துக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் பழைய கம்ப்யூட்டர்களை ஏறக்கட்டிவிட்டு, தொட்டால் வேலை செய்கிற புதுத் திரைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். மவுஸ் கிடையாது. திறந்தால் திரை முழுக்கக் கலர் கலராகச் சதுரங்கள், தீப்பெட்டி லேபிளைப் பரப்பி வைத்தது மாதிரி.

பழையதில் இடது மூலையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் வேண்டியதெல்லாம் வரிசையாக எழுந்து வரும். புதியதில் அந்த மூலை வெறுமையாகக் கிடந்தது. முதல் நாள் முழுக்க சொர்ணலட்சுமியின் விரல் அங்கேயே போய் அமுக்கிக்கொண்டிருந்தது, பூட்டின வீட்டின் கதவைத் தட்டுகிறவள் மாதிரி. வலது ஓரத்தைத் தொட்டால் கேட்காதது எதுவோ ஓடி வந்தது. மேலேயிருந்து கீழே இழுத்தால் பார்த்துக்கொண்டிருந்த பக்கமே மாயமாகிவிட்டது. பக்கத்து மேசை ஸ்ரீமதிக்கு வயது இருபத்து மூன்று. அவள் திரையை மாவு தேய்க்கிற மாதிரி அலட்சியமாகத் தேய்த்துவிட்டுப் போனாள். கேட்டால் முகம் கோணாமல் சொல்லியும் கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தது அடுத்த நிமிஷம் சொர்ணலட்சுமிக்கு மறந்துபோனது, அதுதான் சங்கடம்.

ஒரு நாள் தயங்கித் தயங்கி ஹர்ஷினியிடமே போய்ப் பேப்பரில் எடுத்துக் கொடுத்தால் பழையபடி பார்த்துத் தருவதாகச் சொன்னாள்.

"பேப்பர்ல பாக்குறதுக்கா அக்கா இத வாங்கி வச்சிருக்கு?" என்றாள் ஹர்ஷினி. கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஆடிப் பதினெட்டுக்குள்ள கை வந்துரணும். இல்லேன்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போட வேண்டியிருக்கும், பாத்துக்கோங்க."

ஆடிப் பதினெட்டு என்றால் இந்த ஊரில் விளையாட்டில்லை. வருகிற வருஷத்துக் காலண்டர் மாதிரிகளையெல்லாம் சேர்த்த ஆல்பம் வெளிவருகிற நாள். ஏஜெண்டுகள் வந்து அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். சொர்ணலட்சுமி வீட்டுக்குப் போய், வேஸ்ட் தாளின் பின்பக்கம் சதுரம் சதுரமாக வரைந்து, விரலால் தடவித் தடவிப் பழகினாள். புருஷன் ஊர்க்காவலன் சோற்றுத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன புள்ள, தனியா ஒக்காந்து தாயம் ஆடுத? இருக்கன்குடி மாரியாத்தாட்ட வேணா கேட்டுப் பாரு. அவளுக்காச்சும் இந்த டப்பா வெளங்குதான்னு பாப்பம்."

அவள் அடுத்த சதுரத்தைத் தடவினாள். அந்த நாற்காலி போனால் அடுத்தது எது என்று இருவருக்கும் தெரியும். அவனும் அதற்கு மேல் கேலி பேசாமல் நகர்ந்துவிட்டான்.

ஆடி பிறப்பதற்குள் திறக்கவும் மூடவும் வந்துவிட்டது. மாதக் காலண்டரை ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து பார்த்து முடித்தாள். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ஒத்துப் பார்த்தாள். ஒன்றுக்கு இரண்டு தடவை. அத்தனையும் சரி.

புரூஃப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண் தாண்டிப் போகாமல் இருக்க, படிக்கிற கட்டத்தின் மேல் இடது கட்டைவிரலை ஊன்றிக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தைப் படித்து முடித்ததும் விரலை எடுக்காமல் அப்படியே அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவார்கள். தாளில் இதனால் ஒன்றும் ஆகாது. ஜனவரி மாதத் தாளில் இரண்டாவது தடவையாக அவள் தை அமாவாசைக் கட்டத்தைப் படித்தாள், சரி என்று தலையசைத்தாள், விரலை அடுத்த நாளுக்குத் தள்ளினாள். விரலுக்கு அடியில் இருந்த அமாவாசைக் கறுப்பு வட்டமும் கூடவே போனது. அந்த நாளையும் ஒத்துப் பார்த்துவிட்டு, பஞ்சாங்கத்தைப் புரட்ட விரலை எடுத்தாள். பழைய கம்ப்யூட்டரில் சேமி என்று நாம் சொன்னால்தான் சேமிக்கும். இது விரல் எடுத்ததுமே தானாகச் சேமித்துக்கொள்ளும். இரண்டு தடவை பார்த்து முடித்த கட்டத்தை அவள் எதற்குத் திரும்பப் பார்க்கப் போகிறாள்?

ஆடிப் பதினெட்டன்று சூடம் காட்டி, ஆல்பத்தை எல்லார் கையிலும் கொடுத்தார்கள். விருதுநகர் ஏஜெண்ட் காமராஜ் முதல் தாளைப் புரட்டியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி, ஊரெல்லாம் ராமேஸ்வரத்துல முங்கிட்டு வந்த மறுநா நம்ம காலண்டர்காரன் மட்டும் போயி முங்கணுமாக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஹர்ஷினி திரையைத் திறந்தாள். யார், எந்த நிமிஷம், எதை நகர்த்தினார்கள் என்று அதிலே எழுதியிருந்தது. சொர்ணம், காலை பதினொன்று நாற்பத்திரண்டு.

"நான் சரியாத்தான் பாத்தேன் பாப்பா," என்றாள் சொர்ணலட்சுமி. அதில் துளிகூடப் பொய்யில்லை.

அண்ணாச்சி திட்டியிருந்தால்கூடத் தேவலை. பைண்டிங்கில் தகரம் அடிக்க ஆள் குறைச்சலாக இருக்கிறது, சீசன் முடிகிறவரைக்கும் கீழே போய் இருங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். சீசன் முடிந்தால் அச்சகத்தில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. மறுநாள் காலண்டர் உச்சியில் தகரப்பட்டையை வைத்து நசுக்கும் மிஷினுக்கு முன்னால் நின்றாள். அங்கே நாற்காலி கிடையாது.

ஆனாலும் அவள் விடவில்லை. மகள் சினேகாவின் டேப்லட்டை வாங்கி, இடது கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, ஒற்றை விரல் நுனியாலேயே எல்லாம் செய்யப் பழகினாள். நாற்பது நாள். சதுரங்கள் எங்கெங்கே இருக்கும், எந்த ஓரத்தைத் தொட்டால் எது வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுகிற அளவுக்கு ஆகிவிட்டாள். கட்டு இல்லாமலேயே கட்டைவிரல் மடங்கி நிற்கப் படித்துவிட்டது.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், சேலையில் ஒட்டிய தகரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே போனாள். ஹர்ஷினியிடம் ஒரே ஒரு தாளைப் பார்த்துக் காட்டிவிட்டு இடத்தைத் திருப்பிக் கேட்பதாக நினைப்பு. ஹர்ஷினி இல்லை. ஸ்ரீமதிதான் அந்த நாற்காலியில் இருந்தாள்.

திரையில் சதுரங்களைக் காணோம். வெள்ளைவெளேரென்று ஒரு பரப்பு, நடுவிலே என்னென்னவோ சின்னச் சின்ன வட்டங்கள். போன வாரம் தானாகவே புது சாஃப்ட்வேர் இறங்கி எல்லாம் மாறிவிட்டது என்றாள் ஸ்ரீமதி. இப்போது அமாவாசை, பௌர்ணமியெல்லாம் அதுவே பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறதாம். ஆள் பார்க்க வேண்டியதே இல்லையாம். வடையைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

சொர்ணலட்சுமி அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த வட்டத்தைத் தொட்டால் எது வரும் என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னக்கா, எதுவும் வேணுமா?"

"ஒண்ணுமில்லத்தா. லோடு வண்டி வந்துருச்சான்னு இங்கன சன்னல் வழியாப் பாக்க வந்தேன்."

சன்னலுக்குப் போய் எட்டியும் பார்த்தாள். தெருவில் வண்டி எதுவும் இல்லை. இன்னும் வரவில்லை என்று ஸ்ரீமதியிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.