நான்கு ஆட்டங்களுக்கு நின்றவர்

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணிக்கீற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வதனாவின் கைபேசி கட்டிலில் கிடந்து அதிர்ந்தது. முடிச்சு நழுவாமலிருக்க விரலால் அழுத்திக்கொண்டிருந்த ராதா மாமி தலையை நிமிர்த்தினார்.

"ஆரடி?"

"பாலன். லொஸ் ஏஞ்சலிசில இறங்கிட்டான் போல."

"எடுக்காதை. முதல்ல இதைக் கட்டு."

வதனா கட்டினாள். கைபேசி அதிர்ந்து ஓய்ந்தது.

அப்பா போய் இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. சிட்னிப் புறநகர் டூங்கபியின் ஜனவரி வெயில் மூடிய திரைச்சீலைக்குப் பின்னால் வெள்ளையாக நின்றது. அவள் கணவன் சிவமணி பின்வளவில் நின்று டொக்டருடன் போனில் பேசிக்கொண்டிருந்தான். தம்பி சிவபாலன் அமெரிக்காவில் தன் ஊரில் முதல் விமானம் ஏறியபோது அப்பாவுக்கு மூச்சு இருந்தது. அவன் வானத்தில் இருக்கும்போதே அது நின்றுவிட்டது. இனி இன்னொரு விமானம் ஏறி, பசிபிக்கைத் தாண்டி, அவன் நாளைக் காலைதான் சிட்னியில் இறங்குவான்.

"திருப்பி எடுப்பான், மாமி. சொல்லத்தானே வேணும்."

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை." மாமி அப்பாவின் வேட்டியை இழுத்துக் கணுக்காலை மூடினார். அவர் அப்பாவின் தங்கை. செய்தி கேட்டதும் பக்கத்து ஊரான மெரிலேண்ட்ஸிலிருந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர். "எங்கட அம்மா செத்ததை எனக்கு பாங்கொக் ஏர்போட்டில வைச்சுத்தான் சொன்னவை. தெரிஞ்ச ஒரு குருவிகூட இல்லை அங்க. ஆரோ ஒரு வெள்ளைக்காரிதான் தண்ணிப் போத்தல் வாங்கித் தந்தவள். அவளின்ர தோளில கிடந்து குழறினனான். பேர்கூடக் கேக்கேல்லை. அப்பிடி ஒருத்தரும் அழக்கூடாது. வந்து இறங்கட்டும். பிடிக்க நாங்கள் ஆக்கள் நிக்கேக்க விழட்டும்."

"கேட்டால் என்ன சொல்றது?"

"சீரியஸ் எண்டு சொல்லு. பொய்யில்லைத்தானே? இதைவிடச் சீரியஸா என்ன கிடக்கு?"

மாமி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணிக்கு மேலே அந்தத் தடித்த மீசை வழக்கம் போலவே இருந்தது. "இன்னொண்டும் இருக்கு. கொள்ளி வைக்கிறவன் மீசையோட நிக்கேலாது. உன்ர தம்பி அண்ணையின்ர மீசையை அப்பிடியே கொப்பி அடிச்சு வைச்சிருக்கிறான். எடுடா எண்டால் சண்டைக்கு வருவான். அவனைச் சம்மதிக்கப் பண்ணவும் ஆரையேன் பிடிக்க வேணும்."

வதனா கைபேசியைக் கையில் எடுத்தாள்.

அப்பாவும் பாலனும் பேசிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் மிஞ்சியிருந்தது. அம்மா இறந்தபோது பாலனுக்கு விசாச் சிக்கல். அமெரிக்காவை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அவன் வரவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதால் வேறெதையும் பேச முடியாமல் போயிற்று. உடம்பு, வேலை, சாப்பாடு என்று எங்கே தொடங்கினாலும் பேச்சு அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். கடைசியில் ஒரு நாள் பாலன் தன் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். ஹெரன்ஸ் என்று பெயர். அப்பா அவர்களைக் கொக்குகள் என்றார்.

ஆட்டம் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. "பந்தே உருண்டை இல்லை, பிறகென்னத்தைப் பாக்கிறது?" என்பார். அவரைப் பிடித்துக்கொண்டது கோட்டுக்கு வெளியே நிற்கும் மனிதர்கள்தான். தாங்கள் ஆடாத ஆட்டத்துக்குப் பொறுப்பேற்று நின்று, தோற்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற தலைமைப் பயிற்சியாளர்கள். கொக்குகளின் முதல் பயிற்சியாளரிலிருந்து எல்லாரையும் தேடித் தேடி வாசித்தார். பனியில் வெறுங்காலோடு ஓடவிட்ட வில்கின்ஸ். மழையிலும் சாவீட்டிலும் தொப்பி கழற்றாத மார்ஷ். கோப்பையை வென்று கொடுத்து, அடுத்த வருடமே வேலையை விட்டுக் கலைக்கப்பட்ட பெக்கர். "பெக்கருக்குச் செய்ததைத்தான் கொக்குகள் இப்பவும் அனுபவிக்குதுகள்" என்று சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். ஒருவன் வேலையை இழக்கும் ஒவ்வொரு தடவையும் முதலாமவனிலிருந்து தொடங்கி எல்லாப் பெயர்களையும் சொல்லி, கடைசியில் அவனையும் சேர்த்துவிடுவார். பாலன் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருப்பான். அதுதான் அவர்களின் கொண்டாட்டம்.

சண்டையும் அதில்தான். பிரையர் என்றொரு பயிற்சியாளர் பருவத்தின் நடுவில் மாரடைப்பில் இறந்துபோனார். உதவியாளராக இருந்த டோலன் மிச்ச நான்கு ஆட்டங்களுக்கும் பொறுப்பாக நின்றார். நான்கிலும் தோற்று, வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அணியின் பயிற்சியாளர் வரிசையில் அவருக்கு இலக்கம் இல்லை. அந்த டோலனைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் அப்பாவும் மகனும் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டார்கள். குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நிற்கும் வதனாவுக்கு அது கேட்கும். அவளோடு அப்பா பேசியதெல்லாம் மருந்துக் குளிசையும் சுடுதண்ணியும்தான். அவள் குழாயை இன்னும் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிடுவாள்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள்.

"அக்கா! என்ன எடுக்கேல்லை? அப்பா எப்பிடி?"

அப்பாவின் குரல். எப்போதும் அப்படித்தான், இருவருக்கும் ஒரே தொண்டை என்று அம்மா சொல்வாள். வதனா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"சீரியஸ்தான், தம்பி."

"முழிப்போ?"

"கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார்."

"காது கேக்கும். கடைசி வரைக்கும் காது கேக்கும் எண்டு சொல்லுவினம். அப்பாவின்ர காதில வை அக்கா, ஒரு விஷயம் சொல்ல வேணும்."

வதனா மாமியைப் பார்த்தாள். மாமி கண்ணால் 'வை' என்றார்.

அவள் ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியைத் தலையணையில் அப்பாவின் காதோரம் வைத்தாள். விரல் காதில் பட்டது. இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை.

"அப்பா, நான் பாலன்." அறைக்குள் அப்பாவின் குரல் எழுந்து அப்பாவை அழைத்தது. மாமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். "கோச் ஹொலிஸைக் கலைச்சிட்டாங்கள் அப்பா. இண்டைக்குக் காலமைதான். நீங்கள் சொன்ன மாதிரித்தான், மூண்டு வருசம் தாண்டேல்லை. ஒருக்கா முதல்ல இருந்து சொல்லுங்கோ பாப்பம்."

அவன் காத்திருந்தான். அங்கே விமான நிலையத்தில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இங்கே மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பியது. அது திரும்பும்போதெல்லாம் அப்பாவின் நெற்றி முடி அசைந்தது. வதனாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டாள்.

"கேட்டவர், தம்பி."

"சொன்னவரோ?"

"ஓம். சத்தம் வரேல்லை. வாய் அசைஞ்சது. நான் கிட்டக் காதை வைச்சுக் கேட்டனான்."

"எல்லாரையுமோ?"

"ஓம். மெல்ல மெல்ல."

"டோலனைச் சேர்த்தோ, விட்டோ?"

"ஆரடி டோலன்?" மாமி காற்றாகக் கேட்டார். வதனா கையால் விலக்கினாள்.

குசினியில் கேட்ட சண்டைகள் எல்லாம் நினைவிருந்தன. 'நாலு மட்ச்சுக்கு நிண்டவனை எப்பிடிச் சேர்க்கிறது?' என்று ஒரு குரல். 'நிண்டவன் நிண்டவன்தான்' என்று அதே குரல். எது அப்பா, எது பாலன்? குழாயை ஒரு தடவையாவது மூடியிருக்கலாம். அப்பா சட்டம் பார்க்கிற பழைய வாத்தியார். வரவு இடாப்பில் பேர் இல்லாத பிள்ளை வகுப்பில் இல்லை என்பவர். மருந்துக்கடை வரிசையில் யாராவது இடையில் புகுந்தால், இந்த வயதிலும் பொல்லால் தரையைத் தட்டுவார். இலக்கம் இல்லாதவனை அவர் சேர்ப்பாரா?

"விட்டுத்தான் சொன்னவர்" என்றாள்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"தம்பி?"

"ஓம், அக்கா. பிளேனுக்குக் கூப்பிடுறாங்கள்" என்றான். பிறகு, "நீ சாப்பிட்டனியோ?"

"இனித்தான்."

"சாப்பிடு" என்று வைத்துவிட்டான்.

மாமி நீண்ட மூச்சு விட்டார். "நம்பிட்டான்."

பாலன் ஒருநாளும் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

டொக்டர் வந்து போனார். இருட்டுவதற்கு முன் இறுதிச்சடங்கு நிறுவனத்தின் கறுப்பு உடுப்புக்காரர்கள் இருவர் வந்து, மிக மரியாதையாக, அப்பாவைக் கொண்டுபோனார்கள். கட்டில் விரிப்பில் அப்பாவின் பள்ளம் இருந்தது. வதனா அதைத் தட்டி நேராக்கவில்லை.

மறுநாள் காலை அவள் தனியாகவே விமான நிலையத்துக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். அப்பா போயிட்டார், தம்பி. நேற்றே போயிட்டார். இரண்டாவது வசனத்தோடு நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எப்போது என்று கேட்பான். நீ போன் எடுக்க முன்னம் என்று சொல்ல வேண்டும். காதில் வைத்தாயே என்பான். செத்தவரின் காதிலா வைத்தாய் என்பான்.

வருகை வாசலில் பூச்செண்டுகளோடும் பலூன்களோடும் நின்றவர்களுக்கு நடுவில் நின்றாள். கதவுகள் திறந்து திறந்து மூடின. எதிர்ச்சுவரில் விமான எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒளிர்ந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எந்தக் காரணமும் இல்லாமல் அவளுக்கு இன்னொரு பலகை நினைவுக்கு வந்தது. அப்பாவின் பள்ளிக்கூட மண்டபத்தில், மேடைக்கு மேலே, அதிபர்களின் பெயர்கள் பொன்னிறத்தில் எழுதிய பலகை. சண்டைக் காலத்தில் அதிபர் கொழும்புக்குப் போய்த் திரும்பாமல் இருந்தபோது, செல் விழுந்த நாட்களிலும் மணியடித்துப் பள்ளிக்கூடத்தை நடத்தியவர் அப்பாதான். பதில் அதிபர். கடைசிவரை நிரந்தரமாக்கவில்லை. அந்தப் பலகையில் அரியரத்தினம் என்ற அவர் பெயர் இல்லை. பரிசளிப்பு விழா ஒன்றில் சின்னப் பிள்ளையாக அதை அவள் மேலிருந்து கீழாக வாசித்திருக்கிறாள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். அவரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிண்டவன் நிண்டவன்தான்.

அது அப்பாவின் குரல், டோலனைச் சேர்க்கச் சொன்னது அவர்தான். சந்தேகமே இல்லை.

அப்போது கதவு திறந்தது. தள்ளுவண்டியில் ஒரே ஒரு பெட்டியுடன் பாலன் வந்தான். முதலில் அவளுக்கு ஆளைத் தெரியவில்லை. நடை தெரிந்தது. முகம் தெரியவில்லை.

மீசை இல்லை. அது இருந்த இடம் வெளிறி, ஈரமான தாள் போலிருந்தது. மேலுதட்டில் ஒரு சின்ன வெட்டு. அதன்மேல் ஒட்டியிருந்த டிஷ்யூத் துண்டில் இரத்தம் காய்ந்திருந்தது. கடலுக்கு மேலே எங்கேயோ, விமானத்தின் கழிவறைக் கண்ணாடியில் தனியாக நின்று வழித்திருக்கிறான்.

அவள் வாயைத் திறந்தாள். பாடமாக்கிய வசனம் எங்கேயோ போயிருந்தது.

"வா" என்றான் பாலன். "காரை எங்க விட்டனி?"

கார் வெயிலில் கொதித்துக் கிடந்தது. முன்னிருக்கையில் அப்பாவின் குஷன் இருந்தது, இடுப்பு நோவுக்காக மாமி தைத்துக் கொடுத்தது. எடுக்க மறந்துவிட்டாள். கை நீட்டினாள். அதற்குள் பாலன் அதை எடுத்தான். பின்னால் போடாமல், மடியில் வைத்து, அதற்கு மேலால் சீற் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கார் சுரங்கப்பாதைக்குள் புகுந்தது. வெளியே வந்ததும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. பாலன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி மெல்லச் சொல்லத் தொடங்கினான்.

"வில்கின்ஸ். மார்ஷ். பெக்கர்."

அவள் வீதியையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் பாதிதான் அவளுக்குத் தெரியும். குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிரையர்" என்றான். நிறுத்தினான். குஷனின் தையலை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தான்.

"டோலன்" என்றாள் வதனா.

அவன் தலையை ஆட்டினான். சந்தியில் சிவப்பு விழுந்தது. அவள் பிரேக்கை மெதுவாக மிதித்தாள், அப்பாவின் இடுப்புக் குலுங்காமலிருக்க எப்போதும் மிதிப்பது போல.